ஒன்பது மணிக்குள் எழுந்திருக்க வேண்டிய விருந்து

எங்கள் நண்பர் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறோம். எட்டுப் பேரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே உணவை உண்டது, நான் சிங்கப்பூருக்கு வந்த இந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நடந்ததில்லை. அக்கா சைவம். அண்ணனும் அண்ணியும் ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்பார்கள். மாட்டிறைச்சியை மட்டும் தொடமாட்டார்கள். கடையநல்லூரைப் பூர்வீகமாகக் கொண்ட பாய், ஹலால் சான்றிதழ் இல்லாத கடையில் கை நனைக்கமாட்டார். எஞ்சியவர்கள் கோழிக்கோட்டுக்காரரான சேட்டன், வேலை நிமித்தமாக எட்டு மாதம் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் தங்கித் திரும்பிய தம்பி, என் மனைவி, நான். நாங்கள் நால்வரும் எதையும் உண்போம். நான் மாட்டிறைச்சி உண்பது ஈரோட்டில் இருக்கும் என் அம்மாவுக்குத் தெரியாது. அவர் கைப்பேசியில் சமையல் காணொளிகளைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட ஒரு குழு, மாட்டிறைச்சியே தலைவாசலாக நிற்கும் அர்ஜென்டினா உணவகத்துக்குப் போனதற்குக் காரணம் காற்பந்து. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று உலகக் கிண்ண இறுதி ஆட்டம் சிங்கப்பூர் நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கியது. கோழிக்கோட்டுக்கு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்குக் கட்அவுட் நிறுத்திய ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால், சேட்டன் அன்று மாலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. ஆட்டம் 3-3 என்று முடிந்து பெனால்ட்டிக்குப் போனபோது, அர்ஜென்டினா வென்றால் எல்லோரையும் அர்ஜென்டினா உணவகத்துக்கு அழைத்துப் போவதாகச் சத்தியம் செய்தார். அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. சத்தியம் நிறைவேற இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மறுநாள் திங்கட்கிழமை பொது விடுமுறை என்று அமைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒருவழியாக எல்லோருக்கும் நேரம் ஒத்துவந்தது.

பாய் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். “நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் பேசுவதற்கு வருகிறேன்” என்று குழுவில் செய்தி அனுப்பினார். அவரை விட்டுவிட்டு உண்பதா என்று அண்ணன் இரண்டு நாள் மனம் சங்கடப்பட்டார். கடைசியில், சாப்பாடு முடிந்ததும் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் வாசலில் பாயைச் சந்திப்பது என்று முடிவாயிற்று. உணவகமும் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அமோய் தெருவின் பழைய கடைவீடு ஒன்றில் இருந்தது. அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சாப்பாட்டில் குறையில்லை, ஆனால் எனக்கு அவர்கள்மீது ஒரு மனத்தாங்கல் இருக்கிறது.

முன்பதிவை உறுதிசெய்து வந்த மின்னஞ்சலின் கடைசி வரி, எங்கள் மேசை 7 மணி முதல் 9 மணி வரை எங்களுக்கு உரியது என்றது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிதான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். புவெனஸ் அயர்ஸில் இரவு 9 மணி என்பது சாப்பாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் நேரமாம். பத்து மணிக்கு உணவகங்களில் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து அமரும் என்றும், எட்டு மணிக்குப் போய் நின்றால் பணியாளர்களே அப்போதுதான் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள் என்றும் சொன்னார்.

உள்ளே நுழைந்ததும் புகையின் மணம் வந்தது. அது எண்ணெய்ப் புகை அன்று, விறகுப் புகை. நீண்ட அறையின் கோடியில் அடுப்பு எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் இரும்புக் கூண்டு ஒன்றில் விறகு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தத் தீயின்மேல் எதுவும் சமைக்கப்படவில்லை. எரிந்து உதிரும் கங்குகளைச் சமையற்காரர் நீண்ட கரண்டியால் இழுத்து, பக்கத்தில் இருந்த கம்பித் தட்டின் அடியில் பரப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பித் தட்டைத்தான் பரிஷா என்கிறார்கள். அதன் கம்பிகள் உருண்டையாக இல்லாமல், வாய்க்கால்போல நடுவில் குழிந்து, முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தன. இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பு தணலில் சொட்டிப் புகைந்து கரியைப் பூசிவிடாமல், அந்த வாய்க்கால்கள் வழியாக ஓடி முன்னால் இருக்கும் தொட்டியில் விழுவதற்காக இந்த ஏற்பாடு. பக்கவாட்டில் இருந்த சக்கரத்தைச் சுழற்றினால் தட்டு முழுவதும் மேலே ஏறும், கீழே இறங்கும். தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் இங்கே தூரத்தால் செய்யப்படுகிறது.

முதலில் வந்தவை எம்பனாடாக்கள். அக்காவுக்குச் சோளம் வைத்தவை, அண்ணன் அண்ணிக்குக் கோழி வைத்தவை, எங்களுக்கு மாட்டிறைச்சி வைத்தவை. நம் ஊர்க் கறிப்பஃப்தானே இது என்று நான் சொல்ல, அக்கா மறுத்துத் தலையசைத்து, ஒன்றைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீபாவளிக்கு முந்திய வாரம் முழுவதும் அவர் வீட்டில் சோமாஸ் சுடுவார்கள். அச்சில் அழுத்தாமல், விளிம்பை விரலால் மடித்து மடித்துக் கயிறு திரித்ததுபோல முறுக்குவது அவருக்கு அவருடைய பாட்டி கற்றுக்கொடுத்தது. அதே முறுக்கு அந்த எம்பனாடாவின் விளிம்பில் இருந்தது. மூன்று வகைக்கும் மூன்று விதமான மடிப்பு என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். உள்ளே இருப்பது என்ன என்பதைப் பிட்டுப் பார்க்காமல் தெரிந்துகொள்வதற்காக அர்ஜென்டினாவில் அப்படிச் செய்வார்கள் என்று தம்பி விளக்கினார். கலந்து அடுக்கப்பட்ட தட்டிலிருந்து, கயிற்று மடிப்பு உள்ளவற்றை மட்டும் அக்கா தம் தட்டுக்கு ஒதுக்கிக்கொண்டார். பணியாளர் சொல்லிவிட்டுப் போன வகை சரிதானா என்ற கவலை அவருக்கு அதன்பிறகு இல்லை. சைவ உணவு உண்பவர்களுக்கு வெளியிடங்களில் இந்த நிம்மதி எளிதில் கிடைப்பதில்லை.

அக்காவுக்காகச் சொன்ன மற்றொன்று புரொவொலேத்தா. வட்டமாக வெட்டிய தடித்த பாலாடைக்கட்டியை இரும்புத் தட்டில் வைத்து, மேலே ஓரிகானோவும் மிளகாய்த் துகளும் தூவி, அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகும்வரை தணலில் வைத்துத் தருகிறார்கள். வந்தவுடன் உண்ண வேண்டும். நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்த மூன்று நிமிடத்தில் அது இறுகத் தொடங்கிவிட்டது. கடைசியாக எடுத்த என் மனைவிக்குக் கிடைத்ததை மெல்லுவதற்குத் தனி முயற்சி தேவைப்பட்டது.

பிறகு மொர்சிஷா வந்தது. கருநிறத்தில் பளபளக்கும் அந்தத் தொத்திறைச்சியைப் பார்த்ததும் மேசையில் சற்று அமைதி நிலவியது. ரத்தத்தில் செய்தது என்று தம்பி சொன்னதும், ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆட்டு ரத்தப் பொரியல் உண்டு வளர்ந்த எனக்கு அதில் திகைக்க எதுவும் இருக்கவில்லை. சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் இல்லாத குறைதான்.

மேசையில் கிண்ணத்தில் வைத்திருந்த சிமிசூரியைப் பற்றி ஒரு தகராறு. பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, காய்ந்த மிளகாய், காடி, எண்ணெய் இவற்றைக் கலந்து செய்யும் அது நம் துவையலுக்கு உறவு, ஆனால் காரத்தில் தூரத்து உறவு. அண்ணன் இரண்டு கரண்டி அள்ளி உண்டுபார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு பணியாளரை அழைத்து, பச்சைச் சின்ன மிளகாயை நறுக்கிச் சோயா சாஸில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். தம்பி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். பணியாளப் பெண் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் போய்க் கொண்டுவந்தார். இது சிங்கப்பூர், அவருக்கு இது பழகிய கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

இதற்குள் மணி 8ஐத் தாண்டிவிட்டது. முக்கிய இறைச்சிகள் வரவில்லை. நாங்கள் சொல்லியிருந்தவை மூன்று: விலாப்பகுதியின் ‘ஓஹோ தே பிஃபே’, மெல்லிய, நார் தெரியும் ‘என்த்ரான்யா’, எலும்போடு குறுக்கே பட்டையாக வெட்டிய ‘அசாதோ தே தீரா’. இவற்றில் கடைசியாகச் சொன்னது தணலில் நெடுநேரம் கிடந்தால்தான் நெகிழும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் சொல்லியிருந்த அரைக்கோழியும் அதே தட்டில் கிடந்தது. மறுபுறம், நுழைவாயிலில் அடுத்த குழு ஒன்று வந்து நின்றுகொண்டு எங்கள் மேசையைப் பார்க்கத் தொடங்கியது.

அர்ஜென்டினாவுக்கு மாடு சொந்தப் பிராணி அன்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்து இறக்கியவை பாம்பாஸ் புல்வெளியில் பெருகி, காட்டு மந்தைகளாக அலைந்தன. அந்தக் காலத்தில் தோலுக்கும் கொழுப்புக்கும்தான் விலை. இறைச்சியைக் கெடாமல் வெளியூருக்கு அனுப்ப வழியில்லாததால், காவுச்சோக்கள் எனப்படும் மாட்டுக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை அங்கேயே சுட்டு உண்டுவிட்டு எஞ்சியதை விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு நம் உப்புக்கண்டம்போல உப்பிட்டு உலர்த்தி ஏற்றுமதி செய்தார்கள். 1876இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட ‘லெ ஃபிரிகோரிஃபிக்’ என்ற குளிரூட்டப்பட்ட கப்பல் புவெனஸ் அயர்ஸுக்குப் போய், மறு ஆண்டு இறைச்சியோடு திரும்பிய பிறகுதான் அந்த நாட்டின் செல்வம் வேறு கணக்காயிற்று. இவ்வளவு செல்வம் வந்த பின்னும் அவர்கள் சமைக்கும் முறை மட்டும் மாட்டுக்காரர் முறையாகவே இருக்கிறது: கல்லுப்பு, தணல், பொறுமை. மசாலாவில் ஊறவைப்பது கிடையாது. எங்கள் ஈரோட்டுப் பக்கத்துச் சிந்தாமணிச் சிக்கனில் காய்ந்த மிளகாய், எண்ணெய், உப்பு தவிரப் பொடி எதுவும் சேர்க்கமாட்டார்கள். அதில் கோழி நன்றாக இல்லையென்றால் ஒளிய இடமே இருக்காது. இதுவும் அந்தச் சாதிதான்.

8.35க்கு மரப்பலகைகளில் இறைச்சி வந்தது. என் மனைவி, ரத்தம் தெரியக் கூடாது என்று முன்பே கட்டளையிட்டிருந்தும், நடுவில் இளஞ்சிவப்பாகக் கசிந்ததைக் கண்டு தட்டைத் தள்ளி வைத்தார். அது ரத்தம் அன்று, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர், ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சேட்டன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்களை மூடிவிட்டார். நானும் விளக்கத்தை நிறுத்தினேன். வெளிப்பக்கம் உப்பு கரிந்து கடினமாக, பல்லுக்குச் சத்தம் கேட்கும்படி இருந்தது. அதை உடைத்து உள்ளே போனால் சாறு. என்த்ரான்யாவில் புகையின் கசப்பு சிறிது கூடுதலாக இருந்தது, எனக்கு அதுதான் மிகப் பிடித்தது. பொருநராற்றுப்படை என்ற சங்க நூலில், சோழன் கரிகாலன் அளித்த விருந்தில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியின் சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மாற்றி மாற்றி உண்ட பொருநன் ஒருவன், தின்று தின்று தன் பற்கள் கொல்லையை உழுத கொழுவைப்போல மழுங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தத் தமிழனை இந்த மேசையில் உட்காரவைத்திருந்தால், சிமிசூரியைக் கூடக் கேட்டிருக்கமாட்டான்.

அர்ஜென்டினா வழக்கம் ஒன்றைத் தம்பி அப்போது நிறைவேற்றினார். இறைச்சி சுட்டவருக்கு மேசையில் இருப்பவர்கள் கைதட்ட வேண்டுமாம். அவர் எழுந்து நின்று கைதட்ட, நாங்களும் தட்ட, பக்கத்து மேசைக்காரர்கள் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துத் தாங்களும் தட்டினார்கள். அடுப்பருகே இருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். “எப்படி இருந்துச்சு அண்ணே?” என்று தமிழில் கேட்டார்.

மலேசியாவின் ஈப்போக்காரர். முப்பது வயது இருக்கலாம். தீயைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், ஆனால் வேலை முழுவதும் தணலில்தான் இருக்கிறது என்றார். தட்டுக்கு மேலே உள்ளங்கையை நீட்டி எண்ணுவாராம். ஐந்து எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால் சூடு அதிகம், தட்டை ஏற்ற வேண்டும். இறைச்சி வெந்துவிட்டதா என்பதை விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார். ருசி பார்க்கமாட்டீர்களா என்று அண்ணி கேட்டபோது, அவர் குரலைத் தாழ்த்தி, “நான் மாடு சாப்பிடுறதில்லை அக்கா, வீட்டுப் பழக்கம்” என்றார். அதுவரை மாட்டிறைச்சிப் பலகையிலிருந்து நாற்காலியைச் சற்று ஒதுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு, அந்த உணவகத்தின்மேல் திடீரென்று ஓர் உரிமை வந்துவிட்டது. அரைக்கோழியின் கடைசித் துண்டுவரை பாராட்டினார். இன்னும் பேசியிருப்போம். யாரோ உள்ளேயிருந்து கூப்பிட, அவர் ஓடிவிட்டார்.

மணி 8.50. இனிப்பு வந்த அதே தட்டில் ரசீதும் வந்தது. மூன்று மெல்லிய பான்கேக்குகளுக்குள் துல்சே தே லெச்சே வைத்துச் சுருட்டியிருந்தார்கள். பாலையும் சர்க்கரையையும், திரியாமலும் நிறம் கூடவும் சிட்டிகை சமையல் சோடா சேர்த்து, கிளறிக் கிளறிச் சுண்டவைப்பது அது. திரட்டுப்பால் தன் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தியதுபோல இருந்தது. அதை ருசித்து உண்ணவிடாமல், பணியாளப் பெண் இரண்டு முறை வந்து, மிகவும் பணிவாக, மேசை 9 மணிக்கு வேண்டும் என்று நினைவூட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வட்டாரத்துக் கடைவீட்டு வாடகைக்கு ஒரு மேசையில் ஒரு மாலையில் இரண்டு குழுக்கள் அமர்ந்தாக வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தணலில் நிதானமாகச் சுட்டு உண்ணும் விருந்தான அசாதோ என்ற பெயரில் நேரத்தையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். இறைச்சியைத் தட்டில் வைக்க 95 நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஓர் அடுப்பைச் சுவருக்குச் சுவர் விளம்பரப்படுத்திவிட்டு, அதை உண்பதற்கு 25 நிமிடம் தருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ரசீது 650 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அதன்மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, இரண்டும் சேர்ந்த தொகைமேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, ஆக 779 வெள்ளி 35 காசு. விருந்து சேட்டனுடையது என்றுதான் இரண்டு ஆண்டுகளாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அவர் ரசீதை நெடுநேரம் பார்த்துவிட்டு, அழைத்துப் போவதாகத்தான் சத்தியம் செய்தேன், அழைத்து வந்துவிட்டேன் என்றார். பிறகு மனம் இரங்கி, இரண்டு போத்தல் மல்பெக் ஒயினின் 170 வெள்ளியை வரியோடு தம் கணக்கில் ஏற்றுக்கொண்டார். மிச்சத்தை ஏழாகப் பிரித்தால் தலைக்கு 82 வெள்ளி 22 காசு. எம்பனாடாவும் பாலாடைக்கட்டியும் மட்டும் உண்ட அக்காவிடம் அந்தத் தொகையை வாங்குவது சரியா என்று ஒரு விவாதம் கிளம்பியது. அவர் அதற்குள் கைப்பேசி வழியே பேநவ்வில் பணத்தை அனுப்பிவிட்டு, கணக்குப் பார்க்கிற நேரத்தில் கிளம்பலாம் என்றார்.

தர்காவின் வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார். 1828க்கும் 1830க்கும் இடையே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கட்டடம் அது. அப்போது அதன் எதிரில் கடல் இருந்தது. பின்னர்தான் கரையை நிரப்பிச் சாலைகளும் உயர்மாடிக் கட்டடங்களும் வந்தன. அந்த மூலையில் திரும்பினால் பூன் டாட் தெரு. அதன் மறுகோடியில் லாவ் பா சாட் உணவங்காடி நிலையத்தின் ஓரம், மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவிலேயே, குச்சியில் கோத்த இறைச்சியைச் சுட்டுத் தரும் சாத்தே கடைகள் போடுகிறார்கள். நடக்கும்போதே தம்பி ‘சொப்ரெமேசா’ என்ற சொல்லைச் சொன்னார். உண்டு முடித்த பின் எழுந்திருக்காமல் மேசையிலேயே இருந்து பேசும் நேரத்துக்கு ஸ்பானிய மொழியில் அப்படி ஒரு பெயர். அங்கே அவருடைய அலுவலக நண்பர் வீட்டில் ஞாயிறு மதியம் 2 மணிக்கு உண்டு முடித்தவர்கள் மாலை 6 வரை நாற்காலியை நகர்த்தவில்லையாம். நம் வீடுகளில் விருந்துக்குப் பின் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரம் என்று அண்ணி அதை உடனே புரிந்துகொண்டார்.

பிளாஸ்டிக் மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு எட்டுப் பேரும் அமர்ந்தோம். ஹலால் சான்றிதழ் மாட்டியிருந்த கடையில் பாய் தமக்கு இருபது குச்சி கோழிச் சாத்தே சொன்னார். அடுப்புக்காரர் விசிறியால் கரியை வீசும்போது பறந்த பொறிகளைப் பார்த்து, இங்கேயும் தணல்தான் என்று அண்ணன் புதிதாகக் கற்ற பாடத்தைப் பாய்க்கு விளக்கினார். எங்களுக்குத் தேநீர் வந்தது. கெட்டிப் பாலில் போட்ட அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு, துல்சே தே லெச்சேயின் ஏழைத் தங்கை என்றார் என் மனைவி. அதன்பிறகு உணவைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்காவின் மகள், தேசிய சேவைக்குப் போகும் தன் உடன்பிறந்த தம்பியைப் பிரிய மனமின்றி அழுதது, சேட்டனின் வீட்டுக் கடன், பாயின் தந்தை 1960களில் இதே வட்டாரத்தில் பணமாற்றுக் கடையில் கணக்கு எழுதியது என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று.

இரவு 11 மணிக்குத் தம்பியின் கைப்பேசி ஒலித்தது. புவெனஸ் அயர்ஸ் நமக்கு 11 மணி நேரம் பின்னால். அங்கே ஞாயிறு நண்பகல். அந்த அலுவலக நண்பர் மொட்டை மாடியில் நின்றபடி, அப்போதுதான் மூட்டிய விறகைக் காட்டினார். எட்டுப் பேரும் கைப்பேசியின் முன் நெருக்கியடித்துக் கையசைத்தோம். அவர் ஏதோ கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருப்பார் என நான் நினைத்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்கிறார் என்றார் தம்பி. எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் எழுந்திருக்கவில்லை என்று ஸ்பானிய மொழியில் பதில் சொன்னார். பாய் அதற்குள் அடுத்த பத்துக் குச்சிக்குச் சொல்லியிருந்தார்.